வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்து டிஜிட்டல் போட்டோகிராபி பழகுவது எப்படி: ஆரம்பத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஃபிலிம் காலத்தில் படம் எடுக்கப் பழகியவர்கள் பலரின் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எந்தப் படத்துக்கு என்ன அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), என்ன ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) என்று வரிசையாகக் குறித்து வைப்பார்கள். 36 படமும் முடிந்து, ரோலைக் கழுவக் கொடுத்து, பிரிண்ட் கைக்கு வந்த பிறகுதான் எது ஏன் கெட்டது என்று நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதற்குள் அந்த வெளிச்சமும் போயிருக்கும், எடுத்தபோது என்ன நினைத்தோம் என்பதும் மறந்திருக்கும்.

இன்று அந்த நோட்டை ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமராவே எழுதி வைத்துவிடுகிறது. எடுத்த சற்று நேரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, அதே இடத்துக்குப் போய்த் திரும்ப எடுக்கலாம். புதிதாகக் கேமரா வாங்கும் பலர் கம்ப்யூட்டரைப் படங்களைக் கொட்டி வைக்கவும் கலரைக் கூட்டவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கும் நல்ல வாத்தியார் அதுதான். படம் எடுப்பது, பெரிய திரையில் பார்ப்பது, காரணத்தைக் கண்டுபிடிப்பது, திரும்ப எடுப்பது. கீழே வரும் எல்லாமே இந்தச் சுற்றை எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றித்தான்.

என்னென்ன வேண்டும்

கையில் இருக்கும் கேமராவே போதும். கிட் லென்ஸோடு (கேமராவுடன் சேர்த்தே தரும் லென்ஸ்) வந்த பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா என்றால் பழகுவதற்கு அருமையானது. போனாக இருந்தாலும் சரி, 'ப்ரோ' அல்லது 'மேனுவல்' வசதி உள்ளதா என்று பாருங்கள். பெரும்பாலான போன்களில் அப்பெர்ச்சரை மாற்ற முடியாது. ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மாற்றலாம்.

கம்ப்யூட்டரில் 8 ஜிபி மெமரி இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ரா கோப்புகளோடு (கேமரா பதித்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்புகள்) வேலை செய்ய ஆரம்பித்தால் 16 ஜிபி இருப்பது நிம்மதி. கூடவே ஒரு கார்டு ரீடர், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். இந்த ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அடுத்த லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

மென்பொருளுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. 1990-இல் வந்த ஃபோட்டோஷாப்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அதற்கு இப்போது சந்தா கட்ட வேண்டும். 1996-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், ஒரு தொடக்கக்காரருக்குத் தேவையான எல்லாவற்றையும் செய்யும். ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள், படங்களை அடுக்கி வைக்க டிஜிகேம். மூன்றுமே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அவற்றின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கேமராவில் முதலில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்வது. அற்பமாகத் தோன்றும். ஆனால் தேதி தவறாக இருந்தால் பிறகு கம்ப்யூட்டரில் உங்கள் படங்கள் தப்பான தேதியில் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்து, படத்தின் அளவை 'லார்ஜ்', தரத்தை 'ஃபைன்' என்று வையுங்கள். கலர் ஸ்பேஸ், அதாவது நிறங்களைக் குறிக்கும் முறை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியிலேயே இருக்கட்டும். ஐபோன் வைத்திருப்பவர்களின் படங்கள் 2017-க்குப் பிறகு பெரும்பாலும் ஹெய்க் என்ற வகையில் சேமிக்கப்படுகின்றன. சில கம்ப்யூட்டர்களில் அது திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜேபெக்காகவே வரும்.

ராவா ஜேபெக்கா என்ற கேள்வி உடனே வரும். சென்சாரில் பதிந்த ஒளி அளவுகளை அப்படியே வைத்திருப்பது ரா. அதைக் கேமரா தன் விருப்பப்படி கலர் சேர்த்து, கூர்மையாக்கி, சுருக்கிக் கொடுப்பது ஜேபெக். ரா அரிசி மாதிரி, ஜேபெக் சோறு. அரிசி கையில் இருந்தால் பொங்கலாகவும் வைக்கலாம், பிரியாணியாகவும் செய்யலாம். வடித்த சோற்றைத் திரும்ப அரிசியாக்க வழியில்லை. கணக்கிலும் இது தெரியும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். இருட்டான பகுதியைக் கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கும்போது ஜேபெக் திட்டுத் திட்டாக உடைவதும் ரா தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்.

ஆனாலும் முதல் சில மாதங்களுக்கு ஜேபெக் போதும் என்பதே என் கருத்து. வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துச் சேமிக்கும்படி வையுங்கள். இப்போது ஜேபெக்கை வைத்துப் பழகுங்கள். ரா கோப்புகள் பின்னால் உதவும்.

மூன்று திருகுகளும் மூன்று பயிற்சிகளும்

படத்தில் விழும் வெளிச்சத்தை முடிவு செய்வது அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும். விளக்கத்தைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு மாலை செலவழித்து எடுத்துப் பார்ப்பது நல்லது.

அப்பெர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு. எண் வரிசை 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறையும். எண் பெரிதானால் திறப்பு சிறிதாவது முதலில் குழப்பும்; லென்ஸின் குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதே இந்த எண். 50 மிமீ லென்ஸில் இந்த எண் 2 (எஃப் 2 என்பார்கள்) என்றால் திறப்பு 25 மிமீ.

பயிற்சி இது. ஜன்னலோரம் ஒரு மேஜையில் சொம்பு, டம்ளர், குத்துவிளக்கு மூன்றையும் முன்னும் பின்னுமாக, அரை அடி இடைவெளியில் வையுங்கள். கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி, செல்ஃப் டைமர் போடுங்கள். நடுவில் இருப்பதற்கு ஃபோகஸ். டயலை அப்பெர்ச்சர் முறைக்கு மாற்றி 5.6, 8, 11, 22 என்று நான்கு படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் நான்கையும் 100 சதவீதத்தில், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவில், திறந்து பாருங்கள். கிம்ப்பில் 1 என்ற விசையை அழுத்தினால் அந்த அளவு வரும். 5.6-இல் பின்னால் உள்ளது குழைந்திருக்கும். 11-இல் தெளிவு கூடியிருக்கும். 22-இல் எல்லாமே ஃபோகஸில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், டம்ளரின் விளிம்பை உற்றுப் பார்த்தால் 8-இல் இருந்த கூர்மை இருக்காது. மிகச் சிறிய திறப்பின் வழியே வரும்போது ஒளி சிதறுவதால் வரும் மந்தம் அது. இதைக் கேமராவின் சின்னத் திரையில் பார்க்கவே முடியாது.

ஷட்டர் வேகத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு, 1/15, 1/60, 1/250, 1/1000 என்று எடுங்கள். தண்ணீர் பட்டு நூலாக இருப்பது துளித் துளியாக மாறும். கையில் பிடித்து எடுக்கும்போது ஒரு பழைய கணக்கு உதவும்: 50 மிமீ லென்ஸ் என்றால் 1/50 நொடிக்குக் குறையாமல், 200 மிமீ என்றால் 1/200-க்குக் குறையாமல். சிறிய சென்சார் உள்ள கேமரா என்றால் அதைவிட ஒன்றரை மடங்கு வேகம் வையுங்கள். லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் கொஞ்சம் இறங்கலாம். அது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும். ஓடும் குழந்தையை அது நிறுத்தாது. அதற்கு 1/500 வேண்டும்.

இங்கே நம் வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் உரிய ஒரு சங்கதி உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் 1/500 என்று வேகமாகப் போனால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும், அல்லது அடுத்தடுத்த படங்களின் நிறம் மாறும். கல்யாண மண்டபத்தில் இப்படி ஆனால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்குங்கள்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. மாலை வேளையில் ஒரே அறையை 100-இல் தொடங்கி 6400 வரை இரட்டித்துக்கொண்டே எடுங்கள். கம்ப்யூட்டரில் இருட்டான மூலையை 100 சதவீதத்தில் பாருங்கள், மணல் தூவியதுபோலப் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். அப்புறம் அதே படங்களைத் திரை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். 3200 கூட நன்றாகவே தெரியலாம். உங்கள் கேமராவுக்கு எது எல்லை என்பதை நீங்களே கண்ணால் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த படத்தைச் சகித்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தயங்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

வெள்ளை வேட்டியும் எருமையும்

'ஆட்டோவில் எடுத்தும் வெள்ளை வேட்டி சாம்பலாக விழுகிறதே' என்று கேட்பவர்கள் அதிகம். கேமராவுக்கு எதிரில் இருப்பது வேட்டியா, சுவரா என்பது தெரியாது. வரும் ஒளியை அளந்து, படம் மொத்தமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. ஃப்ரேம் நிறைய வெள்ளை இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். ஃப்ரேம் நிறைய எருமை நின்றால் இருட்டு என்று நினைத்துக் கூட்டிவிடும். இரண்டுமே சாம்பலாகும். புதிய கேமராக்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் அடிப்படை இதுதான்.

சரிசெய்வது எளிது. கூட்டலும் கழித்தலும் போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான் பெரும்பாலான கேமராக்களில் இருக்கும். போனில் படத்தைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுப்பதும் அதே வேலைதான். வெள்ளைக்கு +1, கருப்புக்கு −1 என்று தொடங்குங்கள்.

படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பார்க்கவும் இங்கேயே பழகிவிடுங்கள். இடது ஓரம் முழு இருட்டு, வலது ஓரம் முழு வெள்ளை. மேடு வலது சுவரில் முட்டி நின்றால் அந்த இடங்களில் விவரம் எதுவும் பதியவில்லை. முகூர்த்தப் பட்டின் ஜரிகை, மேகம், பச்சரிசி மாவில் போட்ட கோலம் எல்லாம் இப்படித்தான் வெறும் வெள்ளையாகிப் போகும். இருட்டைக் கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் இருட்டாக எடுப்பது பாதுகாப்பு.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் உச்சி வெயிலில் முகத்தைப் படம் எடுக்காதீர்கள், கண்குழியில் கருப்பு விழும். அவரைத் திண்ணைக்கோ வாசற்படியின் உள்பக்கத்துக்கோ அழைத்து வந்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அந்த ஒரே ஒரு மாற்றத்தில் கிடைப்பதை எந்த மென்பொருளும் தராது.

படங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது

படங்கள் தொலைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் அவசரப்படாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கார்டைக் கேமராவை அணைத்த பிறகே கழற்றி, கார்டு ரீடரில் போடுங்கள். உள்ளே 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும்.

2. கம்ப்யூட்டரில் 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆண்டு, அதற்குள் நிகழ்ச்சி. பெயரை 2025-01-14-பொங்கல் என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள். அப்போதுதான் அகரவரிசையே கால வரிசையாக அமையும். 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்தால் அடுத்த வருடம் எதுவும் கிடைக்காது.

3. கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலோ ரீடர் ஆடினாலோ காப்பியில் மூலம் கார்டிலேயே பத்திரமாக இருக்கும்.

4. முடிந்ததும் இரண்டு ஃபோல்டர்களின் ப்ராப்பர்டீஸையும் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கங்கே சில படங்களைத் திறந்தும் பாருங்கள்.

5. வெளி ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது பிரதி போடுங்கள்.

6. அதற்குப் பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவில் போட்டு 'ஃபார்மட்' கொடுங்கள்.

கோப்பின் பெயர்களையும் கவனியுங்கள். கேமராக்கள் பெரும்பாலும் நான்கு இலக்க எண்தான் கொடுக்கும். 9999-க்குப் பிறகு திரும்ப 0001. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், 'அதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா' என்று கம்ப்யூட்டர் கேட்கும் நாள் வரும். யோசிக்காமல் சரி கொடுத்தால் பழைய படம் போய்விடும். நிகழ்ச்சிவாரியாகப் பிரிப்பதால் இந்த ஆபத்தும் நீங்குகிறது.

கோளாறைக் கண்டுபிடிப்பது

இப்போதுதான் கற்றுக்கொள்ளும் வேலை ஆரம்பிக்கிறது. தெளிவில்லாத ஒரு படத்தை எடுத்து 100 சதவீதத்தில் வையுங்கள். உடனே அழிக்காதீர்கள். மங்கலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றுக்கும் மருந்து வேறு.

படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறதா? தூரத்து விளக்கோ கண்ணில் விழும் வெளிச்சப் புள்ளியோ சின்னக் கோடாக மாறியிருக்கும். அது கை ஆடியது. சுவர், நாற்காலி எல்லாம் கூர்மையாக இருந்து, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இழுபடல் இல்லாமல் முகம் மட்டும் குழைந்து, பின்னால் இருக்கும் காலண்டரில் தேதி தெளிவாகப் படிக்க முடிகிறது என்றால் ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

அடுத்து கேமரா எழுதிய குறிப்பைத் திறங்கள். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ். டிஜிகேமிலும் டார்க்டேபிளிலும் பக்கத்துப் பட்டியிலேயே தெரியும். அங்கே 1/20 நொடி என்றும் ஐஎஸ்ஓ 200 என்றும் இருந்தால் கதை புரிந்துவிடும்: ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றியிருந்தால் ஷட்டர் 1/160-க்கு வந்திருக்கும், படம் தப்பித்திருக்கும். 1/250 இருந்தும் மங்கலா? அப்படியானால் கை மேல் பழி இல்லை, ஃபோகஸ் புள்ளியைப் பார்க்க வேண்டும். முகம் என்றால் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணின் மேல் அந்தப் புள்ளியை வைப்பதுதான் வழக்கம்.

நன்றாக வந்த படங்களுக்கும் இதையே செய்யுங்கள். பிடித்த படங்களின் குறிப்புகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு போக்கு தெரியும். பலவும் 35 மிமீயில் எடுத்தவையாக இருக்கலாம், மாலை ஐந்து மணிக்கு மேல் எடுத்தவையாக இருக்கலாம். அடுத்து என்ன லென்ஸ் வாங்குவது என்று கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ கேட்பதற்கு முன் இந்தக் குறிப்புகளைக் கேளுங்கள்.

தேர்வு செய்வதற்கு டார்க்டேபிளில் 1 முதல் 5 வரை விசைகளால் நட்சத்திரம் கொடுக்கலாம், ஆர் அழுத்தினால் நிராகரிப்பு. முதல் சுற்றில் கெட்டதை மட்டும் ஒதுக்குங்கள். ஒரு நாள் கழித்து இரண்டாம் சுற்றில் நல்லதைத் தேர்ந்தெடுங்கள். எடுத்த உடனே பார்க்கும்போது எடுத்த சந்தோஷமும் சேர்ந்து கண்ணை மறைக்கும்.

ஒரு படத்தைத் திருத்துவோம்

ஒரு பொதுவான படத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக் காட்டன் சேலையில் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வெயில் அடிக்கும் தெரு. முகம் கொஞ்சம் இருட்டு, நிழலில் சேலை நீலமடிக்கிறது, திண்ணை லேசாகச் சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு ஸ்கூட்டரின் பாதி.

கிம்ப்பில் திறந்ததும் கண்ட்ரோல் எஸ் கொடுத்து கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்துவிடுங்கள். மூலப் படம் தொடப்படாமல் இருக்கும். ஃபைல் மெனுவில் 'ஓவர்ரைட்' என்று ஒன்று இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதலில் சாய்வு. மெஷர் கருவியை எடுத்துத் திண்ணையின் விளிம்போடு ஒரு கோடு இழுத்து, கருவியின் பட்டியில் 'ஸ்ட்ரெய்ட்டன்' அழுத்துங்கள். அப்புறம் க்ராப். கருவியின் விருப்பங்களில் விகிதத்தை 3:2 என்று நிலைநிறுத்தி, ஸ்கூட்டர் வெளியே போகும்படி வெட்டுங்கள். பாட்டி பார்க்கும் திசையில் கொஞ்சம் அதிக இடம் விடுங்கள். விரல்களையோ பாதத்தையோ பாதியில் வெட்டாதீர்கள்.

இனி நிறம். கலர்ஸ் மெனுவில் 'கலர் டெம்பரேச்சர்' திறந்து, சேலையின் நீலம் போகும் வரை ஸ்லைடரை மெதுவாக நகர்த்துங்கள். நிழலின் வெளிச்சம் நீலம் கலந்தது. நம் கண் அதைத் தானே சரிசெய்துகொள்ளும், கேமரா எப்போதும் செய்வதில்லை. பளீர் வெள்ளைக்குப் போக வேண்டாம், துவைத்துத் துவைத்துப் பழுத்த வெள்ளை எப்படி இருக்குமோ அதில் நிறுத்துங்கள்.

வெளிச்சத்துக்கு அதே மெனுவில் 'லெவல்ஸ்'. கீழே மூன்று முக்கோணங்கள். கருப்பை மேடு தொடங்கும் இடம் வரை நகர்த்துங்கள், வெள்ளையை மேடு முடியும் இடம் வரை. நடு முக்கோணத்தை லேசாக இடப்பக்கம் நகர்த்தினால் முகம் தெளியும். தெரு மேலும் வெளுத்தால் பின்வாங்கி, 'ஷாடோஸ் ஹைலைட்ஸ்' என்பதில் ஷாடோஸை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். அதிகமானால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம்போல வரும், வந்ததும் குறைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் மனதார ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முகத்தில் வெளிச்சம் விழச் செய்வது வேறு, தோலை வெளுப்பாக்குவது வேறு. பாட்டியின் கருப்பும் சுருக்கமும்தான் அந்தப் படம். மாநிறத்தை மாநிறமாகவே விடுங்கள். கொப்புளமோ லென்ஸ் தூசியோ இருந்தால் ஹீல் கருவியால் எடுங்கள். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு பக்கத்தில் சுத்தமான இடத்தைக் கிளிக் செய்து, பிறகு தூசியின் மேல் தடவினால் போதும். காலம் போட்ட கோடுகளைத் தொடாதீர்கள்.

கடைசியாகக் கூர்மை. 'ஃபில்டர்ஸ்', 'என்ஹான்ஸ்', 'ஷார்ப்பன்'. 100 சதவீதத்தில் கண்ணிமையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றுங்கள். விளிம்புகளில் வெள்ளைக் கோடு தோன்றினால் அதிகமாகிவிட்டது. ஃபோகஸ் தவறிய படத்தை இது காப்பாற்றாது. முடித்துவிட்டு எழுந்து போய், காபி குடித்துவிட்டு வந்து மூலத்தையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தியது கத்துகிறது என்று தோன்றினால் பாதியாகக் குறையுங்கள்.

ரா கோப்பு என்றால் இதே வேலையை டார்க்டேபிளில் செய்யலாம். அது மூலக் கோப்பைத் தொடவே தொடாது. நீங்கள் செய்த மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கும். பிரதி எடுக்கும்போது அந்தச் சின்னக் கோப்பையும் சேர்த்து எடுங்கள்.

வெளியே கொடுப்பதும் பிரிண்ட் போடுவதும்

ஜேபெக்காக வெளியே எடுக்க 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, தரம் 90 வையுங்கள். ஜேபெக்கைத் திறந்து, மாற்றி, திரும்ப ஜேபெக்காகவே சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும். அதனால் திருத்தம் எப்போதும் எக்ஸ்சிஎஃப்பில், ஜேபெக் கடைசியில் மட்டும். போனில் பார்க்க நீளப் பக்கம் 2000 பிக்சல் தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

பிரிண்டுக்குக் கணக்கு சுலபம்: ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 போதும், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 12க்கு 18 அங்குலம் என்றால் 3600க்கு 5400. 24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000 தருவதால் அதற்கும் இடமிருக்கிறது. 8க்கு 10 அங்குலம் கேட்டால் விகிதம் மாறும், பக்கவாட்டில் வெட்டு விழும்; கடைக்காரர் வெட்டுவதற்கு முன் நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

'திரையில் நன்றாக இருந்தது, பிரிண்டில் இருட்டாக வந்துவிட்டது' என்பது அடிக்கடி கேட்கும் குறை. பல வீடுகளில் மானிட்டர் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கும். அதை நம்பி நீங்கள் படத்தை இருட்டாக்கிவிடுகிறீர்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை, அறையின் வெளிச்சத்தில் பிடியுங்கள். திரையில் காலியான வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, தாளின் வெள்ளைக்கு ஏறக்குறைய வரும் வரை திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகு ஒரே ஒரு 4க்கு 6 பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதுக்குப் போங்கள். ஸ்டூடியோவில் கொடுக்கும்போது 'கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்கள்' என்று சொல்லிக் கொடுங்கள்.

படங்களைக் காப்பது

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய கணக்கு இது. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மூன்றாவது அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒரு டிஸ்கில், அல்லது கிளவுடில். வெள்ளம் வந்த ஊர்களில் கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்கும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பென்டிரைவை நிரந்தரப் பிரதியாக நம்ப வேண்டாம். எடுத்துப் போகத்தான் அது. அவ்வப்போது பிரதியிலிருந்து சில படங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத பிரதி இருந்தும் இல்லாததுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் கார்டைத் தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டால் பதற வேண்டாம். உடனே கார்டைக் கழற்றிவிடுங்கள், அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலும் படங்களின் பட்டியல்தான் அழிகிறது. மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத வரை படங்கள் அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் பலவற்றை மீட்டுத் தரும். மீட்டதைக் கார்டிலேயே சேமிக்காமல் கம்ப்யூட்டரின் டிஸ்கில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்ப வராது, புரியாத எண்களாக இருக்கும். ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருப்பதால், டிஜிகேமில் தேதிவாரியாக அடுக்கி, ஃபோல்டர் ஃபோல்டராகத் திரும்பப் பிரித்துவிடலாம்.